ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்: நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை இருவராகப் படகில் செல்ல ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி, ஆறுகளையும் உப்பங்கழிகளையும் வெட்டுக்கால்வாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துச் செல்லும் நீர்வழியை இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று அழைக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் பூஜ்ஜிய மைலாகத் தொடங்கும் இது, ஏறத்தாழ 1,090ஆவது மைலில் மயாமியை அடைகிறது. வட மாநிலங்களில் குளிர் தொடங்கியதும் கணவனும் மனைவியுமாக, வேறு துணையின்றி, சிறு படகுகளில் இந்த வழியே தெற்கே இறங்குவோர் ஆண்டுதோறும் ஏராளம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பணி ஓய்வை நெருங்கும் தலைமுறை ஒன்று உருவாகிவிட்ட இக்காலத்தில், நம்மவர்களும் இப்பயணத்தைத் திட்டமிட்டு மேற்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன்.

கடலில் போவதைவிட இது பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரிய அலை இல்லை, கரை எப்போதும் கண்ணில் படுகிறது என்ற அளவில் அது உண்மைதான். ஆனால் இங்கே ஆபத்து வருவது கீழேயிருந்து. வழியின் பெரும்பகுதியில் நீர் ஆழமற்றது. ஆகவே இந்தப் பயணத்தைத் தூரத்தை வைத்துத் திட்டமிடக் கூடாது, ஓதத்தை, அதாவது கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை, வைத்தே திட்டமிட வேண்டும். இதைப் பழகிக்கொண்டவர்களுக்கு மற்றவை எல்லாம் எளிதாகவே கைவரும்.

படகும் பருவமும்

படகைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அதன் அடிப்பகுதி நீருக்குள் எத்தனை அடி அமிழ்ந்திருக்கும் என்பதை. நான்கு அடிக்குள் அமிழும் படகு இந்த வழிக்கு மிகவும் ஏற்றது. ஐந்து அடியைத் தாண்டினால் போக முடியாது என்பதில்லை, ஆனால் பல இடங்களில் ஓதத்துக்காகக் காத்திருக்க வேண்டிவரும். அடுத்தது உயரம். வழியில் உள்ள நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரத்துக்குக் கட்டப்பட்டவை என்றாலும், மயாமியில் உள்ள ஜூலியா டட்டில் பாலத்தின் உயரம் 56 அடிதான். உயரமான பாய்மரம் கொண்டவர்கள் அதற்கு முன்பே கடலுக்குள் இறங்கிச் சுற்றிப் போகிறார்கள். புதியவர்களுக்கு என் பரிந்துரை, மெதுவாகச் செல்லும் டீசல் எஞ்சின் பொருத்திய டிராலர் வகைப் படகு. வாங்கும் முன், செசபீக் விரிகுடாவில் அத்தகைய படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு வாரமாவது இருவரும் அதில் வாழ்ந்து பாருங்கள். படகு உங்களுக்கு ஒத்துவருமா என்பதோடு, அவ்வளவு சிறிய இடத்தில் நாள் முழுவதும் சேர்ந்திருப்பது ஒத்துவருமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் கடைசிப் பகுதியில், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் நார்ஃபோக்கைவிட்டுக் கிளம்புவது வழக்கம். எந்தத் தேதிவரை எந்த அட்சரேகைக்கு வடக்கே படகு இருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நிபந்தனை விதிப்பதுண்டு. கிளம்பும் தேதியைக் குறிக்கும் முன் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். படகோட்டும் பயிற்சிச் சான்று குறித்த விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வட கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். வயதைக் காரணம் காட்டி விலக்குப் பெறக்கூடியவர்களும் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்வதே நல்லது. அதுவும் இருவருமே எடுக்க வேண்டும்.

ஒரு நாளின் கணக்கு

இந்த நீர்வழியில் மைல் என்று குறிப்பது தரை மைல், அதாவது 1.6 கி.மீ.; கடல் மைல் அன்று. மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் போகும் படகு ஏறத்தாழ ஏழு தரை மைல் கடக்கும். நவம்பரில் பகல் வெளிச்சம் பத்தரை மணி நேரம் அளவுக்கே கிடைப்பதால், பாலம் திறக்கக் காத்திருப்பதையும் நங்கூரமிட இடம் தேடுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐம்பது மைல் என்பதே நிறைவான ஓட்டம். முப்பது மைலில் நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. இரவில் மட்டும் ஓட்டாதீர்கள். படகு செல்ல வேண்டிய தடத்தைக் காட்டும் குறிக்கம்பங்களில் ஒளியில்லாதவை பல உண்டு. நண்டுக்கூடுகளின் மிதவைகள் இருட்டில் தெரியமாட்டா. அவற்றின் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் குளிர்ந்த நீரில் இறங்கி அறுக்க வேண்டிவரும்.

ஓதத்துக்கு வருவோம். நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழமும், அங்கிருந்து மயாமி வரை 10 அடி ஆழமும் இருக்க வேண்டும் என்பதே இந்த வழியைத் தூர்வாரிப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படைக்கு விதிக்கப்பட்ட அளவு. நடைமுறையில் கடல் முகத்துவாரங்களின் எதிரே மணல் ஓயாமல் வந்து குவிவதால், தூர்வாரி முடித்த இடமும் ஓரிரு புயலுக்குப் பின் மேடாகிவிடுகிறது. வட கரோலினாவில் பிரவுன்ஸ், நியூ ரிவர், லாக்வுட்ஸ் ஃபாலி, ஷலோட் முகத்துவாரங்களை நீர்வழி கடக்கும் இடங்களும், ஜார்ஜியாவில் ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் க்ரீக் ஆகிய இடங்களும், ஃபுளோரிடாவில் மட்டான்சாஸ் முகத்துவாரமும் படகோட்டிகள் அனைவரும் பெயர் சொல்லி எச்சரிக்கும் இடங்கள். இவற்றில் எங்கே மணல் நகர்ந்திருக்கிறது என்பதைப் பொறியாளர் படை வெளியிடும் ஆழ அளவைகளிலும், கடலோரக் காவல்படையின் அறிவிப்புகளிலும் முந்தின நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். நோவா எனப்படும் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் தன் பழைய காகித வரைபடங்களை நிறுத்திவிட்டதால், இப்போது மின்னணு வரைபடமே அதிகாரபூர்வமானது. அதில் பாதையாகக் காட்டப்படும் ஊதா நிறக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவோர் பலர் தரை தட்டுகிறார்கள். கோடு ஒன்றும் குறிக்கம்பம் வேறொன்றும் காட்டுமானால், கம்பத்தையே நம்புங்கள்.

ஒரு கணக்கை விரிவாகப் பார்ப்போம். ஜார்ஜியாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏழு முதல் ஒன்பது அடி வரை இருக்கும். இங்கே எட்டு அடி என்று வைத்துக்கொள்வோம். குறுகலான ஓரிடத்தில் வற்றிய நிலையில் ஆழம் 4 அடி, உங்கள் படகு அமிழ்வதும் 4 அடி, அடியில் 2 அடியாவது இடைவெளி வேண்டும். நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், பின்பு இரண்டும், கடைசியில் ஒன்றுமாக ஏறும் என்பது பழைய கணக்கு. அதன்படி எட்டு அடியில் முதல் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டில் மூன்று பங்கு, அதாவது 2 அடி ஏறிவிடுகிறது. ஆகவே முழுமையாக வற்றி இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடத்தை அடைந்தால் போதும். அப்போது தவறித் தரை தட்டினாலும் இன்னும் நான்கு மணி நேரம் நீர் ஏறிக்கொண்டிருக்கும். சிறிது நேரத்தில் படகு தானாகவே மிதந்துவிடும். மாறாக, ஓதம் முழுதாக ஏறி இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் ஆழம் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் ஓரமாக ஒதுங்கி மேட்டில் ஏறிவிட்டால், நீர் முழுக்க வற்றி மறுபடி ஏறும்வரை பல மணி நேரம் படகு சாய்ந்து கிடக்கும். ஆழம் எவ்வளவு என்பதோடு, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஓதத்தின் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். இந்த வாரம் காலையில் வாய்த்த ஏற்றம் அடுத்த வாரம் நண்பகலுக்கு மேல் போய்விடும். எனவே கடினமான இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, அவற்றின் அருகில் முந்தின இரவு தங்கும்படி ஓட்டங்களை நீட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ஆல்பமார்ல், பாம்லிகோ காயல்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நிலவின் ஓதம் மிகச் சிறிது. நீர்மட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். அகன்று ஆழமின்றிக் கிடக்கும் ஆல்பமார்ல் காயலில் காற்று வலுத்தால் குட்டையான, நெருக்கமான, செங்குத்தான அலைகள் எழுந்து படகைப் பாடாய்ப் படுத்தும். காற்று தணியும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ கரையில் இருந்துவிடுவதே முறை.

கம்பங்களும் வண்ணங்களும்

தெற்கே போகும்போது சிவப்புக் கம்பம் வலப்பக்கமும் பச்சைக் கம்பம் இடப்பக்கமும் வர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நீர்வழி ஓர் ஆற்றோடு கலந்து சிறிது தூரம் செல்லும் இடங்களில், அந்த ஆற்றுக்குரிய வண்ண முறையே மேலோங்கும். வட கரோலினாவில் ஸ்னோஸ் கட் என்ற வெட்டுக்கால்வாயிலிருந்து கேப் ஃபியர் ஆற்றுக்குள் நுழைந்து சவுத்போர்ட் நோக்கி இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து உள்ளே வருவோருக்காக அங்கே கம்பங்கள் நடப்பட்டிருப்பதால், கடல் நோக்கிப் போகும் உங்களுக்குச் சிவப்பு இடப்பக்கம் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே நீர்வழியின் கம்பங்களில் சிறிய மஞ்சள் அடையாளங்களை ஒட்டியிருக்கிறார்கள். கம்பத்தின் வண்ணம் எதுவாயினும், தெற்கே செல்வோருக்கு மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். சுக்கான் பிடிப்பவர் எதிரே ஒரு சீட்டில் இதை எழுதி ஒட்டிவையுங்கள். தொலைநோக்காடி ஒன்று எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முன்னால் உள்ள கம்பத்தை மட்டுமே பார்த்து ஓட்டுவது புதியவர்கள் எல்லோரிடமும் உள்ள பழக்கம். பக்கவாட்டில் நீரோட்டம் தள்ளும்போது படகின் முன்பகுதியான அணியம் கம்பத்தைப் பார்த்தபடியே இருக்கும், படகோ கொஞ்சம் கொஞ்சமாகத் தடத்தைவிட்டு விலகி மணலை நெருங்கியிருக்கும். அடிக்கடி திரும்பி, கடந்துவந்த கம்பத்தையும் முன்னால் உள்ளதையும் ஒரு கோட்டில் வைத்துப் பாருங்கள். விலகல் உடனே புலப்படும். வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழம், உட்பக்கம் மேடு. முகத்துவாரம் எதிர்ப்படும் இடங்களில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் மணலைத் தொட்ட படகு பின்னோக்கி எடுத்தால் வந்துவிடும். ஏழு மைல் வேகத்தில் ஏறிய படகை இழுக்க வேறொரு படகு வர வேண்டியிருக்கும். இழுவைச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டிவைப்பது இந்த வழியில் வீண்செலவே அன்று.

தரை தட்டிவிட்டால், எஞ்சினை முறுக்கி முன்னேறப் பார்க்காதீர்கள். அது மேட்டில் இன்னும் ஆழமாகப் பதிய வைக்கும், எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரோடு சேறும் போகும். மெல்லப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வரவில்லை, நீரும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், சிறு நங்கூரத்தை ஆழமான பக்கம் போட்டுவிட்டுக் காத்திருங்கள். மிதந்து வெளியே வந்ததும் நீர் வடிகட்டியைத் திறந்து கழுவ மறக்க வேண்டாம்.

இருவருக்கும் எல்லா வேலையும்

நம் குடும்பங்களில், கார் ஓட்டுவதைப் போலவே, கணவர் சுக்கானைப் பிடித்துக்கொள்வதும் மனைவி கயிற்றோடு முன்னால் நிற்பதும் இயல்பாக அமைந்துவிடுகிறது. நான் இதை மாற்றச் சொல்வேன். படகுத்துறையில் கட்டும்போதும் நங்கூரம் இறக்கும்போதும் உடல் வலு தேவைப்படுவது கயிற்றின் பக்கத்தில். சுக்கானுக்கு வேண்டியது நிதானமும் கவனமும். யார் வலுவானவரோ அவர் அணியத்துக்குப் போகட்டும். ஓடும்போது மணிக்கொரு முறை இடம் மாறிக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, கால் தவறி நீரில் விழுந்தாலோ, மற்றவர் தனியாகப் படகை நிறுத்தவும் திருப்பவும் படகின் இருவழி வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன், மிதக்கும் மெத்தை ஒன்றை நீரில் எறிந்து, ஒவ்வொருவரும் தனியே அதை மீட்டு வந்து பழகுங்கள்.

எஞ்சின் சத்தத்தில் படகின் முன்னும் பின்னுமாக நின்று கத்துவதால் பேச்சும் புரியாது, மனமும் கசந்துவிடும். காதில் மாட்டிப் பேசும் ஒலிக்கருவி ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளலாம். அல்லது முன்னே, பின்னே, நிறுத்து, கயிறு விடு என்று நான்கு கைச்சைகைகளை முடிவு செய்துகொள்ளலாம். துறையை நெருங்கும் முன் எந்தப் பக்கம் கட்டப்போகிறோம், எந்தக் கயிறு முதலில், சரியாக அமையாவிட்டால் எப்பக்கம் திரும்பி வெளியேறுவோம் என்பதை இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும்.

நங்கூரக் கயிற்றின் நீளத்தில் கணக்குப் பிழை எளிதாக வரும். மாலையில் நீர் வற்றியிருக்கும்போது ஆழம் 10 அடி என்று ஆழமானி காட்டலாம். இரவில் 8 அடி ஏறும், அணியம் நீருக்கு மேல் 4 அடி நிற்கிறது; ஆகவே கணக்கில் கொள்ள வேண்டியது 22 அடி. முழுதும் சங்கிலியாக இருந்தால் அதன் ஐந்து மடங்கு, 110 அடி விட வேண்டும். கயிறாக இருந்தால் ஏழு மடங்கு, 154 அடி. நீரோட்டம் திசை மாறும்போது படகு நங்கூரத்தைச் சுற்றி வரும் என்பதால், அந்த வட்டத்துக்குள் மேடோ வேறு படகோ இல்லாதபடி இடம் தேருங்கள்.

பாலங்களும் பிற படகுகளும்

திறக்க வேண்டிய பாலங்களின் காவலரை வர்ஜீனியா, வட கரோலினாவில் 13ஆம் அலைவரிசையிலும், தென் கரோலினா முதல் ஃபுளோரிடா வரை 9ஆம் அலைவரிசையிலும் அழைக்க வேண்டும். பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், எந்தத் திசை என்று சுருக்கமாகச் சொல்லி, கடந்ததும் நன்றி கூறுங்கள். குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும் பாலங்களுக்கு வேகத்தை முன்கூட்டியே குறைத்துச் சரியான நேரத்தில் சேர்வது, பாலத்தின் முன் நீரோட்டத்தில் தத்தளிப்பதைவிட நல்லது. வேகமான படகு பின்னால் வந்து கடக்க விரும்பினால், மெதுவாகச் செல்லும் நீங்களே இன்னும் வேகத்தைக் குறையுங்கள். அப்போதுதான் அவரும் அலை எழுப்பாமல் கடக்க முடியும். வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளம் சுடும் பயிற்சிக்காக நீர்வழியைச் சில மணி நேரம் அடைப்பதுண்டு. அதற்கான அறிவிப்பையும் முன்பே பாருங்கள்.

எங்கே நின்று பார்ப்பது

நார்ஃபோக்கிலிருந்து புறப்பட்டதும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கதவுகளுக்கிடையே நீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கிரேட் பிரிட்ஜ் நீர்ப்பூட்டின் வழியே 1859இல் திறக்கப்பட்ட கால்வாய். மற்றொன்று அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பில் வெட்டப்பட்டு 1805இல் திறக்கப்பட்ட டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். பின்னது ஆறடி ஆழமே கொண்டது, நீரில் மூழ்கிய மரக்கட்டைகள் உண்டு, இரு முனையிலும் உள்ள நீர்ப்பூட்டுகள் குறித்த நேரங்களில்தான் திறக்கும். ஆனாலும் திறந்திருக்கும் காலமாயின், ஆழமும் ஒத்துவருமாயின், அதிலேயே போகச் சொல்வேன். பால் விடாத தேநீரின் நிறத்தில் அசையாமல் நிற்கும் நீர், இருபுறமும் நெருங்கிய மரங்கள், 22 மைல் நேர்க்கோடு. மெதுவாகப் போவதற்கென்றே அமைந்த வழி அது.

தென் கரோலினாவில் மிர்ட்டில் பீச் அருகே பாறையைக் குடைந்து வெட்டிய குறுகலான பகுதி வருகிறது. எதிரே பாரச் சரக்குப் படகு வருகிறதா என்று வானொலியில் கேட்டுவிட்டே நுழையுங்கள். அதையடுத்த சொக்காஸ்டி பகுதிதான் 1936இல் கடைசியாக முடிந்து முழு வழியையும் இணைத்தது. அங்கிருந்து வக்கமா ஆறு தொடங்குகிறது. சைப்ரஸ் மரங்கள் நீருக்குள்ளேயே வேரூன்றி நிற்க, ஆழமும் தாராளமாக இருக்க, பக்கக் கிளைகளில் அமைதியாக நங்கூரமிட இடம் கிடைக்கும் இந்த ஆற்றில் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். சார்ல்ஸ்டன் தாண்டி எலியட் கட் என்ற குறுகிய வெட்டில் நீரோட்டம் மிக வலியது. அது உங்களோடு ஓடும் நேரமாகவோ, ஓட்டம் ஓய்ந்த நேரமாகவோ பார்த்துக் கடந்து செல்லுங்கள். ஜார்ஜியாவைச் சேற்றுக்குப் பயந்து கடல்வழியே தவிர்த்துவிடுவோர் உண்டு. மேலே சொன்ன ஓதக் கணக்கு கைவந்தவர்கள் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோரைப்புல் அசையும் அந்தச் சதுப்பு நிலங்களை இழப்பது பெரிய இழப்பு.

சமையலைப் பொறுத்தவரை, பிரஷர் குக்கர் எரிவாயுவையும் நீரையும் மிச்சப்படுத்தும். சிக்கலான இடங்களைக் கடக்கும் நாளில் காலையிலேயே புளியோதரை கட்டிவைத்துவிட்டால், நடுவே யாரும் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. எரிவாயு உருளையை உபயோகம் முடிந்ததும் அதன் வாயிலேயே மூடுங்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு படகின் அடித்தளத்தில் தங்கி வெடிக்கக் கூடியது. கழிவறைக் கழிவை இந்த நீர்வழியில் சுத்திகரிக்காமல் விடுவது சட்டப்படி குற்றம். படகுத்துறைகளில் அதை உறிஞ்சி எடுக்கும் வசதி இருக்கிறது.

ஃபுளோரிடாவில் இந்தியன் ரிவர் காயல் மிக அகலமாகத் தோன்றும், ஆனால் வெட்டப்பட்ட தடத்தைவிட்டு வெளியேறினால் பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். கடற்பசுக்கள் வாழும் பகுதிகளில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை மதித்துச் செல்லுங்கள். புரொப்பெல்லர் வெட்டிய தழும்புகள் அவற்றின் முதுகில் ஏராளமாக இருப்பதை நேரில் காண்பீர்கள். மயாமிக்குத் தெற்கே கீ வெஸ்ட் வரை வழி நீள்கிறது என்றாலும், அங்கே விதிக்கப்பட்ட ஆழம் ஏழு அடிதான். ஏப்ரலில் வடக்கே திரும்பத் தொடங்கினால் ஜூனில் புயல் பருவம் பிறப்பதற்குள் நார்ஃபோக்கை எட்டிவிடலாம். திரும்பும் வழியில் சுக்கான் எதிரே ஒட்டிய சீட்டை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், இப்போது மஞ்சள் முக்கோணம் இடப்பக்கமும் சதுரம் வலப்பக்கமும் வரும்.